இண்டி 500-ஐ இரண்டு முறை ஜெயித்தவருக்கு வேலை இல்லை: டான் வெல்டன் மரணத்தை 'விதி' என்று சொல்லலாமா?

2011 மே 29. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 ரேஸ். 1911-ல் தொடங்கிய போட்டி என்பதால் நூற்றாண்டுக் கொண்டாட்டம் வேறு. அன்றைக்கு ஜெயித்தவர் பிரிட்டன் டிரைவர் டான் வெல்டன். அந்த ரேஸில் அது அவருடைய இரண்டாவது வெற்றி. பரிசுத்தொகை 25 லட்சம் டாலருக்கும் மேல்.

மறுநாள் காலையில் அவருக்கு வேலை இல்லை.

மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. பிரையன் ஹெர்ட்டாவின் சின்ன அணியோடு அவர் போட்டிருந்த ஒப்பந்தம் அந்த ஒரே ஒரு ரேஸுக்கானது. அது முடிந்தது, அவ்வளவுதான். மற்ற டிரைவர்கள் அடுத்தடுத்த ரேஸ்களுக்குப் போனார்கள். சாம்பியன் வெல்டன் அந்த சீசனின் பெரும்பகுதியை ட்ராக்குக்கு வெளியே இருந்து பார்த்தார்.

சரியாக நாலரை மாதம் கழித்து, அக்டோபர் 16 அன்று, லாஸ் வேகாஸில் நடந்த ரேஸில் 15 கார்கள் மோதிய விபத்தில் அவர் இறந்துபோனார். வயது 33. மனைவி, இரண்டு சின்னப் பையன்கள்.

இந்த மாதிரி மரணம் நடந்தால் நாம் சட்டென்று சொல்லும் வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, 'விதி'. இன்னொன்று, 'ரிஸ்க் தெரிஞ்சுதானே போனார்?' இரண்டுமே பேச்சை முடித்துவைக்கும் வாக்கியங்கள். வெல்டனின் கரியரை ஆரம்பத்தில் இருந்து பார்த்தால், அந்தப் பேச்சை அவ்வளவு சீக்கிரம் முடிக்கக் கூடாது என்பது புரியும்.

நாலு வயசுல ஸ்டியரிங்

வெல்டன் பிறந்தது 1978 ஜூன் 22-ல், இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள எம்பர்ட்டன் கிராமத்தில். அப்பா கிளைவ் கார்ட் ரேஸ் ஓட்டியவர். மகன் நாலு வயதிலேயே கார்ட்டில் உட்கார்ந்தாயிற்று.

கார்ட் என்பது ஒரு இரும்புச் சட்டம், நாலு சக்கரம், ஒரு சின்ன எஞ்சின். சஸ்பென்ஷன் கிடையாது, மேற்கூரை கிடையாது. தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். இன்றைக்கு ஃபார்முலா 1-ல் இருக்கும் கிட்டத்தட்ட எல்லோருமே இதில்தான் ஆரம்பித்தவர்கள். பார்க்க விளையாட்டு வண்டி மாதிரி இருந்தாலும் செலவு விளையாட்டு இல்லை. டயர், எஞ்சின், பயணம், நுழைவுக் கட்டணம் என வாராவாரம் பணம் போய்க்கொண்டே இருக்கும். போடுவது பெற்றோர். வருமானம் பூஜ்ஜியம்.

சிறுவர் பிரிவிலேயே பிரிட்டிஷ் பட்டங்களை வென்றவர் வெல்டன். அவரோடு அதே ட்ராக்குகளில் முட்டி மோதி வளர்ந்த இன்னொரு பையன் ஜென்சன் பட்டன். இரண்டு பேரும் அடுத்த படியான ஃபார்முலா ஃபோர்டுக்கும் வந்தார்கள். 1998-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு பட்டத்தை வென்றவர் பட்டன். 2000-ல், 20 வயதில், வில்லியம்ஸ் அணிக்காக ஃபார்முலா 1-ல் இறங்கினார். 2009-ல் உலக சாம்பியன்.

வெல்டன்? 1999-ல் அமெரிக்காவுக்கு பெட்டி கட்டினார். ஐரோப்பாவில் அடுத்த படி ஏறப் பணம் இல்லை என்பதுதான் முக்கியக் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். பட்டன் பணத்தால் ஜெயித்தார், வெல்டன் பணம் இல்லாமல் தோற்றார் என்பதல்ல வாதம். பட்டன் திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிரிக்கெட்டில் ஒரு பையன் ரன் அடித்துக்கொண்டே இருந்தால் யாராவது ஒரு செலக்டர் கண்ணில் பட்டுவிடுவான். மோட்டார் ரேஸிங்கில் அடுத்த சீட் என்பது பல நேரம் ஸ்பான்சர் கொண்டுவரும் காசோலையோடு வருவது. ஜெயித்தால் மட்டும் போதாது. அடுத்த வருஷம் ஓட்ட யார் காசு கொடுப்பார்கள் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்கா திறந்த கதவு

அமெரிக்காவில் வெல்டன் ஏறிய வேகம் அசத்தல். போன முதல் வருஷமே, 1999-ல், யு.எஸ். ஃபார்முலா 2000 சாம்பியன். 2000-ல் டொயோட்டா அட்லாண்டிக்கில் இரண்டாம் இடம். 2001-ல் இண்டி லைட்ஸில் இரண்டாம் இடம். 2003-ல் மைக்கேல் ஆண்ட்ரெட்டி ஓய்வு பெற, அந்த அணியின் சீட் வெல்டனுக்கு வந்தது. அந்த சீசனின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

2004-ல் ஜப்பானின் மோடெகியில் முதல் வெற்றி. 2005 முழுக்க அவருடைய வருஷம். ஆறு வெற்றிகள், இண்டி 500 பட்டம், சீசன் சாம்பியன் பட்டம். 1966-ல் கிரஹாம் ஹில் ஜெயித்த பிறகு இண்டி 500-ஐ வென்ற முதல் இங்கிலாந்துக்காரர் வெல்டன்தான்.

2006-ல் சிப் கனாசி அணிக்கு மாறினார். அந்த சீசன் முடிவில் அவரும் சாம் ஹார்னிஷும் 475 புள்ளிகளோடு சமம். ஹார்னிஷுக்கு வெற்றிகள் அதிகம் என்பதால் பட்டம் அவருக்குப் போனது. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லாமல் பறிபோன சாம்பியன்ஷிப்.

2008 முடிவில் கனாசி அணி அவரை விட்டு டாரியோ ஃபிராங்கிட்டியை எடுத்தது. வெல்டன் சிறிய அணியான பேந்தருக்குப் போனார். அந்த அணியோடு 2009, 2010 இரண்டு வருஷமும் இண்டி 500-ல் இரண்டாம் இடம். அதற்குப் பிறகும் பேந்தர் அவரை வைத்துக்கொள்ளவில்லை. 2011-க்கு அந்த சீட்டில் உட்கார்ந்தவர் ஜே.ஆர். ஹில்டெபிராண்ட் என்ற புதுமுகம்.

இனி நடந்ததை ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் 'ஓவர்' என்று சொல்லியிருப்போம். 2011 இண்டி 500-ன் கடைசி லேப், கடைசி வளைவு. முன்னிலையில் இருந்தது அதே ஹில்டெபிராண்ட், அதே பேந்தர் கார். மெதுவாகப் போன ஒரு காரைத் தாண்டுவதற்காக வெளிப்பக்கம் ஒதுங்கியவர், கார் வழுக்கிச் சுவரில் மோதினார். பின்னால் வந்த வெல்டன் கோட்டைத் தாண்டினார். 200 லேப்களில் அவர் முன்னிலை வகித்தது அந்தக் கடைசி லேப் மட்டும்தான்.

அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அதே ரேஸில் இரண்டாவதாக வந்தவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

50 லட்சம் டாலர் சவால்

இப்போது கதையின் முக்கியமான இடம்.

அமெரிக்க ஓப்பன் வீல் ரேஸிங் 1996-ல் இரண்டாக உடைந்து, 2008-ல்தான் மீண்டும் ஒன்றானது. அந்த 12 வருஷத்தில் ரசிகர்கள் பெரிய அளவில் நாஸ்கார் பக்கம் போய்விட்டார்கள். இண்டிகாருக்கு மறுபடி கூட்டம் வேண்டும், டிவி பார்வையாளர்கள் வேண்டும். அதற்குத்தான் லாஸ் வேகாஸில் ஒரு பிரம்மாண்ட இறுதிப் போட்டி. கூடவே ஒரு பம்பர் அறிவிப்பு: தொடரில் வழக்கமாக ஓட்டாத ஒரு டிரைவர் இந்த ரேஸை ஜெயித்தால் 50 லட்சம் டாலர்.

முதலில் குறி வைத்தது வேறு ரேஸிங் தொடர்களின் பிரபலங்களுக்கு. அது கைகூடவில்லை. முழுநேர சீட் இல்லாத இண்டி 500 சாம்பியன் ஒருவர் கையில் இருந்தார். அவரையே இறக்கினார்கள். நிபந்தனை: கடைசி இடத்தில் இருந்து கிளம்ப வேண்டும். ஜெயித்தால் பாதிப் பணம் அவருக்கு, பாதி குலுக்கலில் தேர்வான ஒரு ரசிகருக்கு.

டிவிக்கு இதைவிட நல்ல ஸ்கிரிப்ட் கிடைக்காது. ட்ராக்கில் இருந்த நிலைமையைப் பார்த்தால்தான் அந்த ஸ்கிரிப்ட்டில் என்ன விட்டுப்போனது என்பது தெரியும்.

இண்டியானாபொலிஸ் ட்ராக்கின் நீளம் இரண்டரை மைல், அதாவது சுமார் 4 கி.மீ. அங்கே ஓடுபவை 33 கார்கள். லாஸ் வேகாஸ் ஓவல் ஒன்றரை மைல், சுமார் 2.4 கி.மீ. அன்றைக்கு அங்கே 34 கார்கள். வரிசையாகப் பரப்பி வைத்தால் இண்டியில் ஒரு காருக்கு 120 மீட்டர் இடம். வேகாஸில் 70 மீட்டர். மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் 70 மீட்டரைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. அதிலும் கார்கள் வரிசையாகப் போகவில்லை, ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் போயின.

ஏன் இவ்வளவு கூட்டம்?

அன்றைய கார்களின் இறக்கைகள் காற்றைப் பயன்படுத்திக் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். லாஸ் வேகாஸ் ட்ராக்கோ வளைவுகளில் நன்றாகச் சரிந்து, அகலமாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வளைவில்கூட ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கத் தேவையில்லை. எல்லோரும் முழு வேகத்தில் போகும்போது யாராலும் யாரையும் விட்டுத் தள்ளிப் போக முடியாது. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருபவரும் ஒட்டிக்கொண்டே வருவார். மூன்று மூன்று கார்களாக, கையெட்டும் தூரத்தில். இதற்குப் பெயர் 'பேக் ரேஸிங்'.

ஓப்பன் வீல் கார்களில் சக்கரங்கள் உடலுக்கு வெளியே திறந்திருக்கும். முன்னால் போகும் காரின் பின்சக்கரத்தை, பின்னால் வரும் காரின் முன்சக்கரம் தொட்டால், சுழலும் டயர் மேல் ஏறி அந்தக் கார் பறந்துவிடும். சுவரில் மோதினால் அடியைத் தாங்க எஃகும் ஃபோமும் சேர்ந்த தடுப்பு உண்டு. பறந்துவிட்டால் மிச்சம் இருப்பது மேலே உள்ள வேலி. அது பார்வையாளர்களைக் காப்பாற்றக் கட்டியது. அதைத் தாங்கும் இரும்புத் தூண்கள் டிரைவரைக் காப்பாற்றாது.

200 லேப் ரேஸின் 11-வது லேப்பில் அதுதான் நடந்தது. முன்னால் இரண்டு கார்கள் தொட்டுக்கொள்ள, சங்கிலி மாதிரி 15 கார்கள் சிக்கின. கடைசியில் கிளம்பிய வெல்டன் அப்போது 24-வது இடத்துக்கு வந்திருந்தார். முன்னால் நடப்பதைப் பார்த்து அவர் வேகத்தைக் குறைத்தது பதிவுகளில் தெரிகிறது. ஆனால் ஒதுங்க இடம் இல்லை. கார் பறந்து வேலியில் மோதியது. தலை ஒரு தூணில் பட்டது.

ரேஸ் அத்தோடு கைவிடப்பட்டது. மிச்சம் இருந்த டிரைவர்கள் அஞ்சலியாக ஐந்து லேப்கள் மெதுவாகச் சுற்றி வந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, நொய்டா அருகே நடந்த முதல் இந்திய ஃபார்முலா 1 ரேஸிலும் வெல்டனுக்கும், இடைப்பட்ட வாரத்தில் மலேசியாவில் இறந்த பைக் ரேஸர் மார்கோ சிமோன்செல்லிக்கும் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. அவரோடு கார்ட் ஓட்டிய ஜென்சன் பட்டனும், கோவையின் நரேன் கார்த்திகேயனும் அந்த ரேஸில் ஓட்டினார்கள்.

எதிர்வாதம் என்ன?

'அவர் கட்டாயப்படுத்தப்படவில்லையே' என்பது முதல் வாதம். உண்மை. அடுத்த சீசனுக்கு ஆண்ட்ரெட்டி அணியில் அவருக்கு சீட் உறுதியாகியிருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. வேகாஸில் ஓட்டியே தீர வேண்டிய நிலையில் அவர் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் முழுநேர சீட் இல்லாமல் இருந்த ஒரு சாம்பியனிடம், '25 லட்சம் டாலர், ஒரே ஒரு ரேஸ்' என்று நீட்டினால், அது முழுக்க சுதந்திரமான முடிவா? வேலை தேடிய அனுபவம் உள்ள யாருக்கும் இதற்குப் பதில் தெரியும்.

'நாஸ்காரில் அதே ட்ராக்கில் 43 கார்கள் ஓடினவே' என்பது இரண்டாவது வாதம். ஓடின. ஆனால் அந்தக் கார்களுக்கு மேற்கூரை உண்டு, சக்கரங்கள் மூடியிருக்கும், வேகமும் குறைவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மூன்றாவது, இண்டிகாரின் சொந்த விசாரணை. 2011 டிசம்பரில் வந்த அந்த அறிக்கை எந்த ஒரு காரணத்தையும் தனியாகக் கைகாட்டவில்லை. கார்கள் நினைத்த பக்கமெல்லாம் நகர முடிந்த ட்ராக், நெருக்கம், வேலித் தூண் எனப் பலதும் சேர்ந்ததன் விளைவு என்றது. தொழில்நுட்ப ரீதியில் அது சரியாகவே இருக்கலாம்.

ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது எதுவும் வானத்தில் இருந்து விழுந்ததல்ல. அந்த ட்ராக்கைத் தேர்ந்தெடுத்தது யாரோ. 34 கார்களுக்கு அனுமதி கொடுத்தது யாரோ. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி, 33 பேரைத் தாண்டினால் பணம் என்று சொன்னதும் யாரோ. வெல்டன் அவசரப்பட்டு ஓட்டியதால் விபத்து நடக்கவில்லை, அது அவருக்கு முன்னால் தொடங்கியது. ஆனால் அவர் அந்த இடத்தில் இருந்ததற்குக் காரணம் ஒரு விளம்பரத் திட்டம். அதை 'விதி' என்று சொல்வது அந்த முடிவுகளை எடுத்தவர்களுக்கு நாம் கொடுக்கும் சலுகை.

பிறகு என்ன மாறியது?

மாறாமல் இல்லை. 2012 அட்டவணையில் இருந்து லாஸ் வேகாஸ் நீக்கப்பட்டது. அதே வருஷம் புதிய டல்லாரா கார் வந்தது. வேலை இல்லாமல் இருந்த மாதங்களில் அதைச் சோதித்து ஓட்டிக் கொடுத்தவர் வெல்டன். அதனால் அதற்கு அவர் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து டி.டபிள்யூ-12 என்றே பெயர் சூட்டினார்கள். பின்சக்கரங்களுக்குப் பின்னால் மறைப்பு வைத்து, சக்கரம் சக்கரத்தின் மேல் ஏறுவதைக் குறைக்கும் முயற்சி அதில் இருந்தது. ஓவல்களில் இறக்கைகளின் அழுத்தத்தையும் குறைத்தார்கள். வளைவில் காலை எடுத்தே ஆக வேண்டும் என்றானதும் கூட்டம் தானாகக் கலைந்தது.

அதாவது, பேக் ரேஸிங்கைக் குறைக்கும் வழி இருந்தது. அதை முழு மனதோடு செய்ய ஒரு மரணம் தேவைப்பட்டது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. ஜஸ்டின் வில்சன், வெல்டன் பிறந்த அதே 1978-ல் பிறந்த இன்னொரு பிரிட்டன் டிரைவர். 2003-ல் ஃபார்முலா 1 சீட்டுக்குப் பணம் சேர்க்க, தன் எதிர்கால வருமானத்தின் பங்குகளையே பொதுமக்களிடம் விற்றவர். அவரும் அமெரிக்கா போனார். 2015 ஆகஸ்டில் பொகோனோ ட்ராக்கில், வேறொரு காரில் இருந்து உடைந்து வந்த மூக்குப் பகுதி தலையில் பட்டு இறந்தார். டிரைவரின் தலைக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு போன்ற 'ஏரோஸ்க்ரீன்' இண்டிகாருக்கு வந்தது 2020-ல். ஒரு மரணம், ஒரு மாற்றம். பிறகு இன்னொரு மரணம், இன்னொரு மாற்றம். இந்த வரிசைதான் பிரச்னை.

ரேஸிங்கில் ஆபத்தே இருக்கக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. 350 கி.மீ. வேகத்தில் அது நடக்காது. கேட்பது ஒன்றுதான். கூட்டம் சேர்க்க ஒரு புதிய திட்டம் போடும்போது, 'இது டிரைவரின் ஆபத்தைக் கூட்டுமா?' என்ற கேள்வியை டிக்கெட் விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். அதைக் கேட்பவர் லாபக் கணக்குப் பார்ப்பவராக இருக்கக் கூடாது. வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும்.

ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. யூடியூபில் ஒரு அருமையான ஓவர்டேக் வீடியோவுக்கும், ஒரு விபத்து வீடியோவுக்கும் எவ்வளவு வியூஸ் என்று பார்த்தாலே போதும். விளம்பரதாரர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

வெல்டனின் இரண்டு மகன்களும் இன்றைக்கு ரேஸர்கள். அப்பாவைப் போலவே கார்ட்டில் தொடங்கிய அவர்களுக்கு, அப்பா ஜெயித்த அதே ஆண்ட்ரெட்டி அணி 2021-ல் ஆதரவு கொடுத்தது. அவர்கள் ஓட்டக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர்கள் இண்டிகாருக்கு வரும் நாளில், எந்த ட்ராக்கில் எத்தனை கார்கள் என்பதை முடிவு செய்யும் மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.